அண்ணாவும் போண்டாவும்

சென்னையில் வேலைக்குப் போகும் மூன்று பெண்களைக் காபிக்குக் கூட்டுவதைவிட ஜி.எஸ்.டி. கவுன்சிலைக் கூட்டுவது சுலபம். அங்கே தேதி குறிக்க ஒரு தலைவராவது உண்டு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேருமே அட்மின்.

ஒருத்தி சோழிங்கநல்லூரில் டீம் லீட். நாம் விளக்கேற்றும் நேரத்தில்தான் அவளுக்கு அமெரிக்கா கண் விழிக்கும். இன்னொருத்தி குரோம்பேட்டை. பகலில் வங்கி, மிச்ச நேரமெல்லாம் குரூப் 1. முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வி என்பதால், "எப்படி இருக்கே?" என்று கேட்டால்கூட, "நாலு ஆப்ஷன் குடுடி" என்கிறாள். நான் பெரம்பூர். பிழைப்பு ஆடிட்டர் ஆபீஸில், உத்தேசம் நாவலாசிரியை ஆவது. என் கதாநாயகி மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி, ஜூலை 31 வருமான வரிக் கெடு முடியட்டும் என்று காத்திருக்கிறாள். கெடுவை நீட்டித்தால் அவளும் நிற்க வேண்டியதுதான்.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு வரப்போகும் மெட்ரோ, பெரம்பூரையும் சோழிங்கநல்லூரையும் ஒரே தடத்தில் கோக்கிறது. எங்கள் நட்புக்கென்றே போட்ட திட்டம் மாதிரி இருக்கும். இப்போதைக்கு ஓ.எம்.ஆரில் அதற்கு வைத்த தடுப்புகள்தான் எங்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. குரோம்பேட்டைக்காரிக்கு வேறு கொள்கை. 2021 மே முதல் பெண்களுக்கு இலவசமான வெள்ளை போர்டு பஸ்ஸில் மட்டுமே ஏறுவாள். டீலக்ஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தூரத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், வீட்டில் காரணம் சொல்வதுதான் பெரும்பாடு. ஆபீஸ் என்றால் வழிவிடுவார்கள். பரீட்சை என்றால் மாமியார் சீரியல் சத்தத்தையே குறைப்பார். "ஃப்ரெண்டைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிப் பாருங்கள், "எதுக்கு?" என்பார்கள். தெருமுனை டீக்கடைக்குப் போகும் ஆணை இப்படி யாராவது கேட்டதுண்டா? ஆகவே எங்களுக்குத் துணை பிளவுஸ். தைக்கக் கொடுக்கணும், அளவு சரியில்லை, ஹூக் மாத்தணும் என்று ஒரே பிளவுஸில் மூன்று சந்திப்பு தேறும். அந்த டெய்லருக்குக் கை வைக்கவே தெரியாது என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், தங்கமான தையல்.

போன வெள்ளிக்கிழமை ஒருவழியாகக் கிண்டியில் ஒரு ஓட்டலில் கூடினோம். சோழிங்கநல்லூர்க்காரி ஹெட்செட்டோடு வந்தாள். குரோம்பேட்டைக்காரி கையில் சமச்சீர்ப் பாடப் புத்தகம். பேச்சு சூடு பிடித்து, என் கதாநாயகி மாடியேறுவதா இறங்குவதா என்று ஓட்டெடுப்பு நடக்கும்போது சர்வர் எங்களைக் கண்டுகொள்ளாமல் போனார். மியூட்டில் இருப்பதாக நினைத்து, "அண்ணா! போண்டா!" என்று குரல் கொடுத்தாள் டீம் லீட்.

டெக்சாஸிலிருந்து அவள் மேனேஜர், அண்ணாவையும் போண்டாவையும் மனமார வரவேற்பதாகவும், திங்கட்கிழமை மீட்டிங்குக்கு இரண்டு பேருக்கும் அழைப்பு அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்.