கங்கையில் ஒரு முழுக்கு

முன்பெல்லாம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பார்க்க நூலகரின் தயவு வேண்டும். அலமாரிச் சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பில் இருக்கவும் கூடாது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று விதி செய்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' ஆய்வேட்டுத் தளத்தில் இப்போது எவரும் காசில்லாமல் முழுக்குப் போடலாம்.

முழுக்குப் போடுவது எளிது, முத்தெடுப்பதுதான் பாடு. சிலப்பதிகாரத்தைத் தேடுகிறீர்களா? ஆங்கில எழுத்தில் அது 'எஸ்'ஸில் தொடங்கலாம், 'சி'யிலும் தொடங்கலாம். நடுவில் 'டி' வரலாம், 'டிஎச்'சும் வரலாம். புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கண்ணகியே உங்களைப் பார்த்து இரக்கப்படுவாள்.

கிடைத்தாலும் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒன்று, உறுதிமொழி ஒன்று, நன்றியுரை ஒன்று, பிறகு இயலுக்கு ஒன்று. இவற்றில் முதலில் நன்றியுரையைத் திறப்பது என் வழக்கம். எழுதியவரின் சொந்த நடை அங்கேதான் தட்டுப்படும். பழைய ஏடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள். உள்ளே ஒரு சொல்லைத் தேட வழியில்லை. சுவடி பார்த்த உ.வே.சா.வைப் போலப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான்.

ஆய்வு மாணவர்களே, 'இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை' என்று முன்னுரையில் எழுதுமுன் ஒருமுறை அங்கே தேடிவிடுங்கள். அதே வரியை எழுதியவர்கள் வரிசையில் நிற்கக்கூடும்.