பட்டம் வாங்கினாலும் பயம் போகாது!

கே: காமிக்ஸ் என்றாலே துப்பாக்கியும் குதிரையும்தானா? அரியர் பயத்தோடு தோழியின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கும் எங்களைப் பற்றி யாரும் வரைய மாட்டார்களா?
– ஒரு கல்லூரி மாணவி, வாணியம்பாடி

ப: 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழுக்கே ஒரு பெண்தான் நாயகி: மாடஸ்டி பிளைஸி. ஆனால் அவருக்கு எதிரி வில்லன்கள், செமஸ்டர் அல்ல! உங்கள் பக்கத்து ஆட்கள் பிறகுதான் வந்தார்கள். அம்ருதா பாட்டீலின் ‘கரி’ (2008), மும்பையில் தோழிகளோடு வீட்டைப் பகிர்ந்து வாழும் இளம்பெண்ணின் கதை. சுபான் பதிப்பகத்தின் ‘டிராயிங் த லைன்’ (2015) தொகுப்பில் 14 பெண்கள் தங்கள் அன்றாட எரிச்சல்களையே படமாக்கினார்கள்.

அரியர் பயத்துக்குள் ஒளிந்திருக்கும் ‘நமக்கு ஒன்றும் தெரியாது, குட்டு எப்போது வெளிப்படுமோ’ என்ற பயமும் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியபோது, பயந்தவர்கள் பட்டியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களே இருந்தார்கள். ஆக, படித்து முடித்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் பதனிடும் ஊர்க்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? மனசையும் கொஞ்சம் பதப்படுத்தத்தான் வேண்டும்.

யாராவது வரைவார்கள் என்று காத்திருக்காமல் பேனாவை நீங்களே எடுங்கள். தோழியையே நாயகியாக்குங்கள், அவர் சம்மதத்தோடு!