கால்மிதி நனை படலம்: குந்தா வட்டத்து நாய்க்குட்டி ஆய்வு

மஞ்சூரில் நாய்க்குட்டிகள் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது குறித்து இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. ஆய்வேட்டின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது மரபு. நூலகத்தில் தேடிவிட்டு எழுதுவோரும் உண்டு. தேடினால் ஏதாவது கிடைத்துத் தொலைக்கும், பிறகு அந்த வரியை அடிக்க வேண்டிவரும். தேடாதவனுக்கு அந்த இடர் இல்லை.

ஆய்வுக்களம்: நீலகிரி மாவட்டம், குந்தா வட்டம், மஞ்சூர். ஆய்வுக்காலம்: ஆடி மாதம். ஆய்வுப்பொருள்: நாட்டு நாய்க்குட்டி, ஆண், இரண்டு மாதம், பழுப்பு நிறம், பெயர் மணி. கருதுகோள்: குட்டி நம்மைப் பழிவாங்குகிறது. கருதுகோளை வழங்கியவர் என் மனைவி. ஆய்வு நெறியாளரும் அவரே என்பதால் மறுப்பதற்கில்லை.

அடுத்து முன்னோர் கருத்து. சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் மரங்கள், சங்க இலக்கியத்தில் அணிகலன்கள் என்று பட்டம் வாங்கியவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் அழைத்ததைச் சொல்வார்கள், அது வேட்டைக்குப் போனதைச் சொல்வார்கள். வேட்டை முடிந்து திரும்பிய ஞமலி வெளியில் போயிற்றா, வீட்டுக்குள் போயிற்றா என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரன் ஒருவன் விழுந்துபட்ட பூசலில் இரண்டு கள்ளரைக் கடித்த நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் கிடைத்தது. நாயின் பெயர் கோவிவன். பெயரைச் சொல்லும் கல்வெட்டு, கோவிவன் குட்டியாக இருந்தபோது திண்ணையை என்ன செய்தான் என்பது பற்றி வாய் திறக்கவில்லை. வரலாற்று மூலங்களில் இத்தகைய இருட்டடிப்புகள் புதியவை அல்ல.

இனிப் பொழுது. நூற்பா இல்லாமல் உரை எழுதக் கூடாது. ஆகவே நூற்பாவையும் நானே செய்துகொண்டேன்:

உண்டலின் பின்னும் உறங்கியெழு காலும்
ஆடலின் இறுதியும் அயலவர் வரவும்
ஈரம் தோன்றும் பொழுதென மொழிப.

மொழிப என்றால் முன்னோர் சொல்வர் என்பது. எந்த முன்னோர் என்று கேட்பது அவைப் பண்பாகாது.

இதன் உரை: உண்டலின் பின் என்றது, வயிற்றில் சோறு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவதால். ஐந்து நிமிடம் முதல் அரை மணிக்குள் பலன் தெரியும். உறங்கியெழு கால் என்றது, கண் திறக்குமுன் கால் அகலும் என்பதை நோக்கி. ஆடலின் இறுதி என்றது, ஓடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று நின்று, தரையை மோந்து, வட்டமடிக்கும் கணத்தை. அந்தக் கணத்தில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். குறிப்பெடுக்க நிற்பவனே துடைக்கவும் வேண்டும். அயலவர் வரவு என்பது தனி இலக்கணம். புதியவரைக் கண்ட மகிழ்ச்சியிலோ பணிவிலோ குட்டி தன்னையறியாமல் சிந்திவிடும். அதைக் கழிவு என்று கொள்ளாமல் மரியாதை என்று கொள்ளவேண்டும். அதட்டினால் பணிவு கூடும். பணிவு கூடினால் ஈரமும் கூடும். காரமடை, முள்ளி, கெத்தை என்று 43 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரின் சாக்ஸுக்கு இந்த மரியாதை முறைப்படி செய்யப்பட்டது. “எங்கூர்ல நாயெல்லாம் இப்புடிப் பண்ணாதுங்க” என்றார் அவர் (கோவை உறவினர், வாசல் உரை, ஒற்றைக் காலில் நின்றபடி அருளியது).

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு நாய் வளர்ப்போரிடம் ஒரு வாய்பாடு உண்டு. குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் மணிக்கணக்கு, அதுவும் உச்ச அளவு. ஆக, மணிக்கு மூன்று மணி. எவ்வளவு நேரம் போகும் என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2014இல் அளந்தே விட்டார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டி எதுவானாலும், ஆடோ யானையோ, நிறைந்த பையைக் காலி செய்ய ஏறத்தாழ 21 நொடி. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுக்கான இக் நோபல் பரிசு அடுத்த ஆண்டே அவர்களுக்குக் கிடைத்தது. மணி இன்னும் மூன்று கிலோவை எட்டவில்லை. விதிக்கு உட்படாதவன் என்ற பெருமை அவன் நடையில் தெரிகிறது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நள்ளிரவிலும் எழ வேண்டும். “இரவில் குட்டியை அமைதியாகத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள்” என்று அறிவுரை சொல்லும் நூல்களெல்லாம் சிறுத்தை இல்லாத ஊர்களில் எழுதப்பட்டவை. இங்கே திண்ணையில் படுத்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், நிற்பது தெரியாது. எண்ணெய் வாசனை கண்ட கரடி கதவையே பெயர்க்கும். குட்டி, குடை, டார்ச், தடி ஆகிய நான்கையும் பிடிக்க ஆய்வாளனுக்குக் கைகள் இரண்டு. உலகப் பொதுக் கோட்பாடுகள் மேல்குந்தா மழையில் எப்படிக் கரைகின்றன என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து இடம். ஐந்திணையாகப் பகுக்காமல் தமிழில் எதையும் ஆராய முடியாது. எனவே வீட்டைப் பகுத்தோம்.

படுக்கையறை குறிஞ்சி, யாமம் அதன் சிறுபொழுது, கம்பளி கருப்பொருள். ஹால் முல்லை, சோபாவில் இருத்தலே அதன் உரிப்பொருள். அடுப்படி மருதம், ஊடல் அங்கேதான். குளியலறை நெய்தல். நீர் கழிக்க இயற்கையாகவே அமைந்த இடம் அது என்பதால் குட்டி அந்தப் பக்கம் போவதே இல்லை. வாசலுக்கு வெளியே பாலை. பிரிவுக்கு உரிய நிலம், ஆனால் தலைவன் பிரிய மறுக்கிறான். மழை பெய்யும் பாலை உண்டா என்று வினவுவோர் ஆடியில் மஞ்சூருக்கு வந்து பார்க்கவும்.

இப்போது சிக்கல். ஹாலுக்கும் வாசலுக்கும் நடுவே, முல்லையும் பாலையும் மயங்கும் இடத்தில், ஒரு தேங்காய் நார்க் கால்மிதி கிடக்கிறது. மணியை வெளியே விட்டால் பனிமூட்டத்தில் நிற்பான், தேயிலையைப் பார்ப்பான், தும்முவான், ஒன்றும் செய்யமாட்டான். உள்ளே அழைத்தால் கால்மிதியில் ஏறியதும் கடமையை முடிப்பான். ஏன்? இந்த ஒரு கேள்விக்காக மற்ற அதிகாரங்களைச் சுருக்கினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் காந்தக் கொள்கை. இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். செக் நாட்டு ஆய்வாளர்களும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் இரண்டு ஆண்டுகள் 70 நாய்களின் பின்னால் நடந்து, 1,893 முறை மலம் கழித்ததையும் 5,582 முறை சிறுநீர் கழித்ததையும் திசையோடு குறித்துக்கொண்டு, 2013இல் வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு தெற்காக நின்று கழிக்க விரும்புகின்றன என்பது முடிவு. அந்த அமைதியும் பகலில் சுமார் 20 விழுக்காட்டு நேரம்தான் வாய்க்கும். இவர்களுக்கும் 2014இல் இக் நோபல் உண்டு. பொய் மேற்கோள் தயாரிக்கத் துணிந்து உட்கார்ந்தவனை மெய் மேற்கோள் இப்படித் தோற்கடிக்கும்.

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் கால்மிதி கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மணி அதன் குறுக்கே ஏறி நிற்கிறான். ஆகவே வடக்கு தெற்கு. கொள்கை நிறுவப்பட்டது. நெறியாளர் பேசாமல் வந்து கால்மிதியைத் திருப்பிப் போட்டார். மணியும் திரும்பி நின்றான். கால்மிதி குறுகலானது, குட்டி எப்போதும் குறுக்கேதான் ஏறும் என்று இதற்குப் பாமரர் பொருள் கொள்ளக்கூடும். கால்மிதியோடு சேர்ந்து பூமியின் காந்தப்புலமும் திரும்பியது என்று கொள்வதே ஆய்வு நெறி. முதல் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாவது மணக் கொள்கை. ஒருமுறை போன இடத்திலேயே மறுமுறையும் போகும், மூக்கு அழைத்துச் செல்லும். இதில் ஐயமில்லை. சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா கலந்த துப்புரவு நீரைக் கொண்டு துடைத்தால் குட்டிக்கு அது அழைப்பிதழ். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதிக் கரைசல்தான் மூலத்தையே உடைக்கும். நீலகிரியில் பிறந்துவிட்டு நீலகிரித் தைலத்தை விட முடியுமா என்பார் உண்டு. தைலத்தால் துடைக்கும் முறையில் பாடபேதங்கள் அதிகம் (மேல்வீட்டுப் பாட்டி, தைலக் காண்டம், வாய்மொழி. மருமகள் வழிப் பிரதியில் “வாளிக்கு இரண்டு சொட்டு”, மகள் வழிப் பிரதியில் “இரண்டு மூடி”. மூல பாடம் பாட்டிக்கே மறந்துவிட்டது. பால்காரர் வைத்திருக்கும் மூன்றாம் பிரதி மழையில் சிதைந்து, “சளிக்கு நல்லது” என்ற ஈற்றடி மட்டும் எஞ்சியுள்ளது. அந்த ஈற்றடி இடைச்செருகல் என்று பாட்டி கையடித்துச் சத்தியம் செய்கிறார்). பிரதிகள் எப்படியாயினும், யூகலிப்டஸ் எண்ணெய் நாயின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தரையை நக்கும் வயதில் உள்ள குட்டி இருக்கும் வீட்டில் தைலம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது கொள்கையைச் சொன்னவர் பச்சை இலை பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டி, தலையில் சாக்குக் கொங்காணியோடு வாசலைக் கடந்தவர், நான் திசைகாட்டியோடு குனிந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

“என்ன சார் தேடுறீங்க?”

விளக்கினேன். காந்தப்புலம் வரை விளக்கினேன்.

“அது காஞ்ச எடம் தேடுது சார். வெளிய எங்க காஞ்சிருக்கு? இந்த மழைல நீங்க போவீங்களா?”

சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், ஏழெட்டு வாரத்தில் காலுக்கு எந்தத் தரை பழகுகிறதோ அதையே குட்டி பின்னாளிலும் கழிப்பிடமாகக் கொள்ளும் என்று நாய் நடத்தை அறிந்தவர்களும் சொல்கிறார்கள். தேங்காய் நார் காலுக்குக் காய்ந்த புல். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய அவலாஞ்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆடியில் மஞ்சூரில் காய்ந்த புல் கிடைக்கும் ஒரே இடம் எங்கள் கால்மிதி. அக்கா கூறியதை வறள்தளக் கோட்பாடு எனப் பெயரிட்டு என் பெயரில் வெளியிடுகிறேன். அவரைக் களத் தகவலாளர் என்று நன்றியுரையில் பெயர் சுட்டாமல் குறிப்பிடுவேன். துறையில் ஏற்கப்பட்ட நடைமுறை இதுவே.

தண்டனை பற்றி: மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தால், உங்கள் எதிரில் போகக் கூடாது என்று மட்டும் குட்டி கற்றுக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போகும்.

தாள் விரித்தல் பற்றி: அச்சிட்ட தாளெல்லாம் கழிப்பிடம் என்று குட்டி முடிவு கட்டிவிடும் ஆபத்து உண்டு. பணம் கட்டினால் எதையும் போடும் ஆய்விதழ்களை விரித்தால் அந்த முடிவு தவறு என்றும் சொல்ல முடியாது.

பரிசு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சரியான இடத்தில் போனதும், அந்த நொடியே, பாராட்டி ஏதாவது தின்னத் தர வேண்டும். உள்ளே வந்து தந்தால் உள்ளே வந்ததற்கான பரிசு என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் வர்க்கித் தூளைத் தேர்ந்தோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி, ஆகவே ஆய்வுக்கு வட்டாரத் தன்மையும் கிட்டியது. நெய்ப்பண்டம் என்பதால் துளிதான் தரலாம். முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு மணி ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தான். வெளியே போனதும் குந்துவான். முகத்தில் ஆழ்ந்த முயற்சி தெரியும். வர்க்கி வரும். தின்றுவிட்டு உள்ளே வந்து கால்மிதியில் போவான். இதற்குப் பாவனைக் கழிவு என்று பெயரிட்டுள்ளேன். பயனாளி குந்துகிறார், நல்கை வழங்கப்படுகிறது, முயற்சி தொடர்வதாக இடைக்கால அறிக்கை வருகிறது, அடுத்த தவணை வழங்கப்படுகிறது. பல்கலைக்கழக வட்டாரத்தில் இருப்பவர்கள் இதை நாய்க்கே உரிய வழக்கம் என்று கருதமாட்டார்கள். மாற்று எளிது: தரை நனைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே வர்க்கி.

முடிவுரை. குட்டி பழிவாங்கவில்லை. நெறியாளர் இதைக் கொள்கையளவில் மட்டும் ஏற்றுள்ளார். வாசலை ஒட்டி, சுவரோரம், மழை படாத கூரை ஒன்று வேண்டும். அதன் கீழே காய்ந்த மண் பரப்பி, பழைய கால்மிதியில் ஒரு துண்டை வெட்டிப் போட வேண்டும், அதன் மணத்தோடு. நூற்பா கூறும் பொழுதுகளில் குட்டியைக் கயிற்றில் பிடித்து அங்கே நிறுத்தி, அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். இரவில் வாசல் விளக்கைப் போட்டு, கதவை விட்டு நகராமல் நிற்கலாம். சிறுத்தைக்கு அது வசதிக்குறைவு. மண் நனைந்தால் வாரம் ஒருமுறை மாற்றலாம், கால்மிதியைப் போல அடுப்பின் மேல் கட்டிக் காயவைக்க வேண்டியதில்லை.

மண் கிடைத்துவிட்டது. கால்மிதித் துண்டும் தயார். மஞ்சூர், எமரால்டு, கிண்ணக்கொரை வட்டாரத்தில் கிழியாத பழைய தார்ப்பாய் வைத்திருப்பவர்கள் ஆடி முடிவதற்குள் கொடுத்து உதவவும். நன்றியுரையில் அவர்கள் பெயரை முழுமையாகப் போடுவேன்.