சந்தேகத்துக்குரிய ஓர் அப்பாவி

யூனிட்டி கிராஷ் ஹேண்ட்லர் 64 என்பது, யூனிட்டி எஞ்சினில் உருவாக்கிய கேம் ஒன்று விண்டோஸ் கணினியில் ஓடும்போது அதன் பின்னாலேயே ஓடும் ஒரு சிறு புராசஸ். கேம் பாதியில் நிலைகுலைந்து விழுந்தால், விழுந்த நேரத்தில் நினைவகத்தில் என்ன இருந்தது, எந்த இடத்தில் கால் இடறியது என்று எழுதி வைப்பது அதற்கு இட்ட வேலை. கேம் விழாத நாட்களில் அதற்கு வேலையே கிடையாது. சில எம்பி நினைவகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சிபியு கணக்கில் 0% என்று காட்டியபடி, கல்யாண வீட்டில் சீர்வரிசைப் பையைக் காவல் காக்கும் பெரியவர் போல ஓரமாக உட்கார்ந்திருக்கும். இவ்வளவு சாதுவான ஒன்றைப் பார்த்துப் பீதி கிளம்புவதற்குக் காரணம் அதன் பெயர்தான். முதன்முதலாக அதைப் படிப்பவருக்கு, கணினியைக் கவிழ்க்கவே ஆள் வந்து இறங்கிவிட்டது போல் தோன்றும்.

அதோடு, அந்தப் பெயர் கண்ணில் படும் டாஸ்க் மேனேஜரை யாரும் நல்ல மனநிலையில் திறப்பதில்லை. மின்விசிறி இரைந்திருக்கும், திரை உறைந்திருக்கும், அதற்குப் பிறகே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் விரல்கள் தேடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பட்டியலில் டஜன் கணக்கில் நிற்கும் சர்வீஸ் ஹோஸ்ட்களையெல்லாம் கண் தாண்டிப் போய், சரியாக அந்த 0% அப்பாவியின் மேல் விழும். அடுத்த கட்டமாக ஹார்டு டிஸ்க் முழுவதும் அதே பெயரைத் தேடிப் பார்த்தால் ஐந்து இடங்களில் அகப்படும். 'பரவிவிட்டது' என்ற முடிவு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. உண்மையில், யூனிட்டியில் செய்த கேம் பெரும்பாலும் தனக்கென்று ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவரும். ஹாலோ நைட், அமங் அஸ், கப்ஹெட் என்று யூனிட்டியில் பிறந்தவை ஏராளம். ஐந்து பிரதி என்றால் வீட்டில் ஐந்து கேம் இருக்கிறது என்று பொருள். படிப்புக்காக வாங்கிய கணினியில் அது வேறு வகைச் செய்தி. அதை விசாரிக்க டாஸ்க் மேனேஜர் தேவையில்லை.

ஆனால் சந்தேகமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு ஃபைலுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டலாம், விண்டோஸ் தடுக்காது. மின்வாரியத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லி வாசலில் நிற்பவரெல்லாம் மின்வாரியத்து ஆள் அல்லவே. ஆங்கில எல் எழுத்தை எடுத்துவிட்டு 1 என்ற எண்ணைச் சொருகினால் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பெயரை விட்டுவிட்டு விலாசத்தைப் பார்ப்பதே வழக்கம். புராசஸின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது குடியிருக்கும் ஃபோல்டர் திறக்கும். அங்கே கேமின் இஎக்ஸ்இ ஃபைல், யூனிட்டிபிளேயர் என்ற டிஎல்எல், கேமின் பெயரோடு டேட்டா என்று முடியும் ஃபோல்டர் ஆகிய மூன்றும் பக்கத்திலேயே இருந்தால் குடும்பத்தோடு வசிக்கிறது என்று கொள்ளலாம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியது என்றால் வழக்கமாக ஸ்டீம்ஆப்ஸ், காமன் என்ற பாதையில் இருக்கும். டெம்ப் ஃபோல்டரில் தனியாக, உற்றார் உறவினர் யாருமின்றிக் கிடந்தால் விசாரிக்கத்தான் வேண்டும்.

யார் அழைத்து வந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். இதற்கு டாஸ்க் மேனேஜரை விட, மார்க் ருசினோவிச் எழுதிய புராசஸ் எக்ஸ்புளோரர் வசதி. எந்தப் புராசஸ் எதைப் பெற்றது என்று வம்சாவளி போல வரைந்து காட்டும். அசல் கிராஷ் ஹேண்ட்லர் கேமுக்குக் கீழே பிள்ளையாக நிற்கும். அதன் கட்டளை வரியில் 'அட்டாச்' என்ற சொல்லும் தாயின் புராசஸ் எண்ணும் எழுதியிருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் நிலைதான் அது. கேம் எதுவும் ஓடாத நேரத்தில் ஓடிக்கொண்டு, சிபியுவில் 80% விழுங்குகிறதென்றால் அது கிராஷ் ஹேண்ட்லராக இருக்க வாய்ப்பு குறைவு. திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

அடுத்தது கையெழுத்து. பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதிக்குப் போனால் யூனிட்டி டெக்னாலஜிஸ் என்ற பெயர் தெரியும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கையெழுத்துச் சான்றிதழ் வாங்கப் பணம் கட்ட வேண்டும் என்பதால், சிறு குழுக்கள் செய்த கேமின் இஎக்ஸ்இ பல நேரம் கையெழுத்தே இல்லாமல் இருக்கும். காவலாளியிடம் அடையாள அட்டை இருக்கிறது, முதலாளியிடம் இல்லை. சந்தேகப்பட்டதோ காவலாளியை. கையெழுத்து இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற தைவான் நிறுவனங்களிடம் திருடிய சான்றிதழ்களோடுதான் உள்ளே நுழைந்தது.

மனம் இன்னும் ஆறவில்லையென்றால் வைரஸ்டோட்டல் இருக்கிறது. ஃபைலைக் கொடுத்தால் 60, 70 ஆன்டிவைரஸ்கள் வரிசையாகப் பார்த்துக் கருத்துச் சொல்லும். 70 பேரைக் கூட்டிவைத்துக் கேட்டால் ஒருவர் தலையாட்ட மறுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். யாருமே கேள்விப்படாத ஆன்டிவைரஸ் ஒன்று மட்டும் சிவப்பில் எச்சரிக்கும், மனிதக் கண் மற்ற 69 பச்சைகளையும் விட்டுவிட்டு அந்த ஒரு சிவப்பிலேயே போய் நிற்கும். ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் பெரும்பாலும் தவறான அலாரம். இருபது முப்பது வந்தால் பேச்சே இல்லை, நீக்க வேண்டியதுதான்.

அசல்தான் என்று உறுதியான பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். 2025 அக்டோபரில் யூனிட்டி நிறுவனமே ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. 2017.1 பதிப்பிலிருந்து அதுவரை, கேமை ஓட்டும் பகுதியில் அது இருந்து வந்திருக்கிறது. விலாசம் சரி, கையெழுத்து சரி, 70க்கு 70 பச்சை, ஆனால் கூரையில் எட்டு ஆண்டாக ஓட்டை. கேம் செய்தவர்கள் திருத்தி வெளியிடும் அப்டேட்டைப் போடுவதுதான் அதற்கு வழி. கிராஷ் ஹேண்ட்லரை முறைத்துப் பார்ப்பதால் பயனில்லை.

இத்தனையும் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் ஃபைலையே அழித்துவிடுவதும் உண்டு. அழித்தாலும் கேம் பொதுவாக ஓடும். விழுந்தால் குறிப்பெழுத ஆள் இருக்காது, அவ்வளவே. பின்னொரு நாள் ஸ்டீமில் கேம் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னால், காணாமல் போனதை ஸ்டீம் கர்மசிரத்தையாக மறுபடி இறக்கி அதே இடத்தில் வைத்துவிடும். அழித்தது தானாக முளைத்துவிட்டது என்பது, வைரஸ்தான் என்று ஏற்கெனவே முடிவு கட்டியவருக்குக் கிடைக்கும் கடைசி ஆதாரம்.

கேமை மூடியதும் கிராஷ் ஹேண்ட்லரின் வரி பட்டியலிலிருந்து தானாக மறைந்துவிடும். மின்விசிறியின் இரைச்சல் மட்டும் நிற்காது. நினைவகம் என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசையை மாற்றிப் பார்த்தால் காரணம் முதல் வரியிலேயே நிற்கும்: இந்தப் புராசஸ் ஆபத்தானதா என்று தேடுவதற்காக பிரவுசரில் திறந்து வைத்த 34 டேப்கள்.