தாவன தரிசனம்: ஓர் ஆராய்ச்சி

ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்பது நம் முன்னோர் காலத்தில் நடந்தும், வண்டியேறியும், பல்லக்கில் சாய்ந்தும், வசதி வாய்த்தவர்களுக்கு யானைமீது அமர்ந்தும் நிறைவேறிவந்த ஒரு சாவதானமான காரியம் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. ஆனால் வழிகாட்டியொருவன் முன்னே ஓட, கட்டணம் செலுத்தியவர்கள் பின்னே ஓட, புராதன நகரத்தின் கோபுரங்களும் மாளிகைகளும் இருமருங்கிலும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்க, சரித்திரத்தை வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிற நூதன வழக்கமொன்று ரோமாபுரி முதலிய ஐரோப்பிய நகரங்களில் நிலைபெற்று, இப்போது சில உற்சாகிகளின் வாயிலாக எங்கள் மதுரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் முறையான விசாரணை எதுவும் நடைபெறாதிருப்பது பெருங்குறையென்று கருதியே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் இவ்வாராய்ச்சியை எழுதத் துணிந்தேன்.

மேல்நாட்டார் இதனைச் 'சைட்ஜாகிங்' என்கிறார்கள். பார்ப்பதையும் ஓடுவதையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்ட சாமர்த்தியம் மெச்சத்தக்கதே. எனினும் பெயர் சூட்டாத பொருளை ஆராயப் புகுவது, பிள்ளையார் பிடித்து வைக்காமல் பூஜை தொடங்குவதற்கு ஒப்பாகுமாதலால், 'தாவன தரிசனம்' என்று இதற்கு நாமகரணம் செய்கிறேன். தாவனமாவது ஓட்டம், தரிசனமாவது காட்சி. ஓடுகிறவனுக்குக் காட்சி ஏது என்று ஆட்சேபிப்போர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

மதுரையைச் சுற்றிப் பார்த்தவர்களில் இலக்கியப் பிரமாணம் உடைய பிரயாணிகளுள் தலையாயவன் கோவலன். மனைவியைக் கவுந்தியடிகளிடம் அடைக்கலமாக விட்டுவிட்டு அவன் நகருக்குள் போய் வந்த வைபவத்துக்கென்றே இளங்கோவடிகள் 'ஊர்காண் காதை' என ஒரு காதையை ஒதுக்கியிருக்கிறார். கணிகையர் வீதி, இரத்தினக் கடைவீதி, பொன் கடைவீதி, அறுவை வீதி, கூல வீதி என்று ஒன்று விடாமல் அவன் பார்த்து முடித்திருப்பதிலிருந்து, அவன் நடந்தேதான் போனான் என்பது வெள்ளிடைமலை. ஓடியிருந்தால் என்னவாயிருக்கும்? இரத்தினக் கடைவீதியில் ஓடுகிற அயலூரானைப் பாண்டியன் காவலர் யாரென்று நினைத்திருப்பார்கள் என்பதைப் பின்னால் நடந்த கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடிய மதுரைக்காஞ்சியோ நாளங்காடியில் பகலைக் கழித்து, அல்லங்காடியில் இரவைக் கண்டு, விடியும்வரை ஊரைவிட்டு நகர்வதில்லை. அனுமன் இலங்கையில் ஒரே இரவில் வீடு வீடாகத் தாவிப் பார்த்தானே, அது தாவன தரிசனமாகாதா எனில், ஆகாது; அவன் தேடிப் போனது ஊரையன்று, பிராட்டியை. அன்றியும் அவனுக்கு வழிகாட்டி இல்லை, கட்டணமும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கோயிலைப் பிரதட்சிணம் செய்கிறவர்களுக்குப் பெரியவர்கள் வகுத்த வேக வரம்பு ஒன்று உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியொருத்தி தலையில் எண்ணெய்க் குடத்தைச் சுமந்துகொண்டு எப்படி அடிமேல் அடி வைத்து நடப்பாளோ, அப்படி நடக்கவேண்டும் என்பது அது. உலகத்தில் வேறெந்தப் போக்குவரத்து இலாகாவும் தன் வேக வரம்பை இவ்வளவு துல்லியமாகவும் இவ்வளவு அழகாகவும் எழுதிவைத்ததாக நான் அறியேன்.

இனி என் பிரத்தியட்ச அனுபவத்துக்கு வருகிறேன். என் தமக்கை மகன் சென்னையில் கணிப்பொறி உத்தியோகம் பார்க்கிறவன். சித்திரை மாதத்தில் விடுமுறைக்கு வந்திருந்தவன், "மாமா, பொறந்து வளந்த ஊரை நீங்க இன்னும் சரியாவே பாக்கலை" என்று சொல்லி, என் சம்மதத்தைக் கேட்பதற்கு முன்பே எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலின் வாசலில், முதுகில் எண் ஒட்டிய பனியன்களோடு நின்ற பதினோரு பேரில் நானும் ஒருவன். எங்கள் வழிகாட்டி இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத வாலிபன். நல்ல பிள்ளை, சரித்திரம் படித்தவன், கழுத்தில் ஒரு விசில். மொத்தம் ஆறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினான்கு நூற்றாண்டு என்று அறிவித்தான்.

பொருள்களை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் சாத்திரக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாவன தரிசனத்தில் இம்மூன்றும் படும் பாட்டைச் சொல்லி முடியாது. முதலாவது காண்டல்: ஓடுகிறவன் கண்ணுக்கு எதிரே பெரும்பாலும் தெரிவது தனக்கு முன்னால் ஓடுகிறவனின் முதுகேயாம். மகாலின் தூண்களை நான் கண்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 7-ஆம் எண்ணை ஒரு மணி நேரம் கண்டேன், அதன் இருபுறத்திலும் மதுரை குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கருதல்: புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, வழிகாட்டி கையை இடப்பக்கம் நீட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாமேயன்றி, தலையைத் திருப்பிப் பார்த்தால் சாக்கடை மூடியில் கால் இடறும். மூன்றாவதாகிய உரையைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும்.

ஆப்த வாக்கியம் எத்துணைப் பிரமாணமுடையதாயினும், அதைச் சொல்கிறவனுக்கு மூச்சு வேண்டும். மகால் வாசலில் நின்றபடி பேசியபோது அந்தப் பிள்ளை திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டதையும், 1636-இல் அரண்மனையைக் கட்டியதையும், பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதிலிருந்து பெயர்க்கக்கூடியதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனதையும், 1866-க்குப் பிறகு நேப்பியர் பிரபு பழுதுபார்த்திராவிட்டால் இன்றைக்கு இவ்வளவுகூட நின்றிராது என்பதையும் எழுவாய் பயனிலை பிசகாமல் எடுத்துச் சொன்னான். ஓட ஆரம்பித்து இருநூறு கஜம் கடப்பதற்குள் பயனிலைகள் உதிர்ந்துவிட்டன. பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தபோது, துணிக்கடைகளுக்கு நடுவில் சுமை தாங்கும் உத்தியோகத்தை எப்போதோ இழந்துவிட்டு வெறுமனே நிற்கும் அந்தப் பத்துப் பிரம்மாண்டமான தூண்களைக் காட்டி, "ரங்கவிலாசம்... சார்... நாயக்கர்..." என்றான். சற்றுத் தள்ளி, "மிச்சம்... கால்வாசிதான்" என்றான். அரண்மனையில் மிச்சமிருப்பது கால்வாசியா, அவனுடைய மூச்சில் மிச்சமிருப்பது கால்வாசியா என்பது இன்றளவும் எனக்குச் சந்தேகமே. சரித்திர ஞானமானது நாடித்துடிப்புக்கு எதிர்விகிதத்தில் இயங்கும் என்ற விதியை அந்த இடத்தில் கண்டுபிடித்தேன்.

இவ்விதிக்கு உபவிதி ஒன்றும் உண்டு. விளக்குத்தூணுக்கருகில் என் செருப்புக் கயிறு, அதாவது ஷூ லேஸ், அவிழ்ந்துபோனபடியால் நான் குனிய நேர்ந்தது, எல்லோரும் நின்றார்கள், வழிகாட்டிக்கு மூச்சும் திரும்பியது. உடனே அவன் வாயிலிருந்து கலெக்டர் பிளாக்பர்ன் சரமாரியாக வெளிப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாயக்கர் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, நெருக்குண்டு கிடந்த ஊருக்குக் காற்றோட்டம் கொடுத்தவர் அவர் என்பதும், அவர் ஞாபகார்த்தமாக நிறுத்தியதே இந்த விளக்குத்தூண் என்பதும், அந்த வேலையில் பங்குகொண்ட சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் ஆளுக்கொரு தெருவாகி இன்றும் ஊருக்குள் கிடக்கிறார்கள் என்பதும், அந்தக் கயிற்றை நான் இரட்டை முடிச்சாகப் போடும் அவகாசத்தில் விளங்கிவிட்டன. பெருமாள் மேஸ்திரி வீதியில் ஐம்பது வருஷம் நடந்திருக்கிறேன். மேஸ்திரி யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆகவே, தாவன தரிசனத்தில் அறிவு கிடைப்பது தாவனம் நிற்கிற இடத்தில் மட்டுமே என்பது பெறப்படும். அதன்பின் நான் கயிற்றை வேண்டுமென்றே மும்முறை அவிழ்த்தேன் என்று என் மருமகன் ஊரெல்லாம் சொல்லித் திரிவது சுத்த அவதூறு. இருமுறைதான்.

கால தத்துவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையின் வீதிகள் மாதங்களின் பெயரால் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. கோயில் மதிலுக்குள் ஆடி, வெளியே சித்திரை, அப்பால் ஆவணி மூலம், அதற்கும் அப்பால் மாசி. கோட்டை போனபின் உண்டான வெளி வீதிகளுக்கு மாதமும் இல்லை. ஆடிக்குப் பின் சித்திரை வருகிற பஞ்சாங்கம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. போதாக்குறைக்கு, மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்துவிட்டபடியால், சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. தேருக்கு இது ஆண்டுக்கொரு தரம் நேர்கிறது. கீழமாசி வீதியிலிருந்து சித்திரை வீதிக்கு எங்களை அந்தப் பிள்ளை ஐந்தே நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, வழியில் புரட்டாசி முதலான மாதங்களெல்லாம் எங்கே போயின என்று கேட்க வாயெடுத்தேன். வாயைத் திறந்தால் மூச்சு வாங்கியதால் கேட்கவில்லை.

எழுகடல் தெருவில் முடிவுறாமல் நின்றுபோன ராயகோபுரத்தைக் கடந்தோம். முடிந்திருந்தால், ஏறக்குறைய 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தையும் அது குள்ளமாக்கியிருக்கும் என்பார்கள். மேலே எழும்பாமல் பாதியில் நின்றுவிட்ட அந்த அடித்தளத்தைப் பார்த்தபோது எனக்கு இனம்புரியாத பந்துத்துவம் உண்டாயிற்று.

சித்திரை வீதியில்தான் சாஸ்திர விரோதம் சம்பவித்தது. எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓடவேண்டுமென்பது ஓட்டக்காரர்களின் ஆகமம். அந்தப் பழக்க தோஷத்தால், வண்டிகளே விடப்படாத அந்தக் கல் பாவிய வீதிகளிலும் எங்கள் வழிகாட்டி இடமாகவே திரும்பினான். ஈரத் தலையும் வெறுங்காலுமாக வலம் வந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான பக்தர்களுக்கு நேர் எதிராகப் பதினோரு பேர் அப்பிரதட்சிணமாக ஓடிய காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், விரலிலிருந்து நாரை எடுக்காமலே, "ஏய்யா, சாமியைச் சுத்துறவுக வலமா வாங்கய்யா! என்னத்தப் படிச்சீக?" என்று குரல் கொடுத்தார். நியாயமான கேள்வி. ஊரை எரிப்பதென்று தீர்மானித்துப் புறப்பட்ட கண்ணகிகூட மும்முறையும் வலமாகத்தான் சுற்றினாள். இடமாகச் சுற்றியவர்கள் என்று இந்நகரத்தின் நெடிய சரித்திரத்தில் எங்களைத்தான் சொல்லவேண்டும்.

மேலமாசி வீதியில், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை பூண்ட வீட்டைக் கடந்தோம். ஏழைகளுக்கு இல்லாத துணி தமக்கும் வேண்டாமென்று அவர் முழத்துண்டுக்கு இறங்கிய அந்த வாசலில், அதைவிடக் குறைவான துணியை அதைவிடப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கி உடுத்தியிருந்த பதினோரு பேர் போனார்கள். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல்தான் ஓடினோம். மரியாதையினாலா களைப்பினாலா என்பதை நான் சொல்வதற்கில்லை. பெரியார் பேருந்து நிலையத்தருகே கோட்டையின் எச்சமாக நிற்கும் கொத்தளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகையில், வண்டியூர் தெப்பக்குளம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். "அது வேற பேக்கேஜ் சார்" என்றான் பிள்ளை.

இனிச் சித்தாந்தம். உலா என்னும் பிரபந்தத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவப் பெண்டிரும் அவனைப் பார்ப்பார்கள். ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீதும் பாடிய உலாக்களைப் புரட்டினால், பவனி போனவன் ஊரில் எதைப் பார்த்தான் என்பதில் புலவருக்கு ஒரு அக்கறையும் இல்லையென்பது தெரியும். அவனை ஊர் எப்படிப் பார்த்தது என்பதே விஷயம். தாவன தரிசனம் இந்த உலாவின் வகையேயன்றி வேறில்லை என்பதே என் முடிபு. சான்றுகள் வீதிதோறும் நின்றன. வாசற்படியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பேதை, நுரை வழியும் வாயோடு பிரஷை உயர்த்தி எங்களுக்கு ஆசி வழங்கினாள். பெதும்பை ஒருத்தி உள்ளே ஓடித் தம்பியை எழுப்பிக் கூட்டிவந்தாள். அரிவையும் தெரிவையும் கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, வளை கழலாமலும் பசலை படராமலும், "மிதிச்சிராதீங்க" என்றார்கள். டீக்கடைக்காரர் ஆற்றுகிற டம்ளரைத் தலைக்கு மேலே அப்படியே நிறுத்திவிட்டார். நாங்கள் கடந்து முடிந்த பின்பே தேநீர் கீழே விழுந்தது. நாய்கள் மட்டும் பார்த்ததோடு நில்லாமல் கூடவே வந்தன.

பேரிளம்பெண்ணுக்கும் அப்பாற்பட்ட எட்டாவது பருவமொன்றை ஒட்டக்கூத்தர் பாடாமல் விட்டுவிட்டார். அதை நான் தெற்கு மாசி வீதி முனையில் கண்டேன். தள்ளுவண்டியில் பித்தளை அண்டாவை வைத்துப் பருத்திப்பால் விற்கிற மூதாட்டி. சுக்கும் கருப்பட்டியும் கலந்த ஆவி மூக்கில் ஏறவும், கால்கள் என்னைக் கேளாமலே நின்றுவிட்டன. என் மருமகனும் 7-ஆம் எண்ணும் மூலை திரும்பி மறைந்தார்கள்.

"ஏய்யா, இந்த வயசுல ஒன்னைய யாரு வெரட்டுறா?" என்றாள் கிழவி.

"ஊரைச் சுத்திப் பாக்குறோம் ஆத்தா."

அவள் என் பனியனையும், எண்ணையும், அரைக்கால் சட்டையையும், முழங்காலையும் அந்த வரிசையிலேயே பார்த்தாள். அகப்பையால் அண்டாவின் அடியைக் கிண்டி, கெட்டியாக ஒரு டம்ளர் ஊற்றி, தேங்காய்த் துருவலைத் தூவி நீட்டினாள்.

"நீ நம்ம சண்முக வாத்தியார் மகன்தானேய்யா?" என்றாள்.

தூரத்தில் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. டம்ளர் கொதியாய்க் கொதித்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்திலிருந்த திண்ணையில் உட்கார்ந்தேன்.