அடிபட உத்தேசித்திருப்போர் கவனத்துக்கு

திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் அடிபட உத்தேசித்திருக்கும் பொதுமக்களுக்குப் பணிவான வேண்டுகோள்: கை, காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையில்தான் அடிபடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், வேலைநாளில், பட்டப்பகலில் விழுங்கள். ஞாயிறு நள்ளிரவைத் தவிருங்கள். இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசல் உத்தமம். கூட்டேரிப்பட்டு என்றால் உங்கள் சாமர்த்தியம்.

பிறகு நடப்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். திண்டிவனத்தில் முதலுதவி. மேல்சிகிச்சைக்காக முண்டியம்பாக்கம். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர், அல்லது சென்னை. பல நாள் செய்தியின் கடைசி வரி, வழியிலேயே இறந்தார் என்பது. ஏழைக்கு இந்த அரசாங்கம் காட்டும் இலவச ஊர்சுற்றல் இதுதான்.

நள்ளிரவில் தனியாக நிற்கும் டூட்டி டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியவருக்கு ஆபரேஷன் செய்ய ஆளில்லாத இடத்தில் ‘ரெஃபர்’ என்று எழுதாமல் அவர் என்ன செய்வார்? அந்த நோயாளியை முதலிலேயே அங்கே கொண்டுவந்து இறக்கச் சொன்னது யார் என்பதே கேள்வி.

பதில் சொல்ல ஆளில்லை. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, அதற்கு அவசர உதவி எண் 1033. மாநிலத்தின் ஆம்புலன்ஸுக்கு 108. திண்டிவனம் ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். எல்லை தாண்டி இருக்கும் ஜிப்மர் ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் கீழ். ஊர் கூடி இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அச்சு முறியும். இங்கே முறிவது மனித முதுகெலும்பு. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் நொடியில் காசை உருவிவிடுகிறது. காசை எடுக்க ஒருங்கிணைப்பு உண்டு, உயிரைக் காக்கத்தான் துறைக்குத் துறை வேலி.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, இதே சாலை சென்னையை நோக்கி நீளும் வழியில், மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. நல்ல திட்டம். கடன் வாங்காமல் பிழைத்தவர்கள் அதை வாழ்த்துவார்கள். ஆனால் பணம் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லாது. டெல்லியோ இன்னும் ஒரு படி மேல். அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம், அதில் கட்டணமில்லாச் சிகிச்சை தரவேண்டும் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகு, 2025 மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தைப் பற்றி யோசிக்க ஆறு ஆண்டு!

வெளிநாட்டில் யாரும் மந்திரம் போடவில்லை. இங்கிலாந்து 2012-இல் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்தது. படுகாயமடைந்தவரை அருகிலிருக்கும் சிறு ஆஸ்பத்திரியைத் தாண்டி, நேரே பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக விதி வகுத்தது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கையும் வெளியிட்டது. அத்தகைய மையங்களில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மரண அபாயம் 25 சதவீதம் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-லேயே சொல்லிவிட்டது. நம்மிடமும் ‘தாய்’ என்ற பெயரில் விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டம் உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை வகைப்படுத்தும் முறையும் உண்டு. தாளில் எல்லாம் உண்டு.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். விழுப்புரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரனே 2019 பிப்ரவரியில் திண்டிவனம் அருகே கார் விபத்தில் பலியானார். எம்.பி.யின் சாவே ஒருவரையும் உலுக்கவில்லை என்றால், மொபெட்டில் பால் கேன் கொண்டுபோகிறவனின் சாவு யாரை உலுக்கும்?

புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஒரு கணக்குதான் கேட்கிறோம். இந்தச் சாலையில் அடிபட்டவர்கள் எத்தனை ஆஸ்பத்திரி மாறினார்கள், ஆபரேஷன் தொடங்க எத்தனை மணி நேரமானது, எத்தனை பேர் ஆம்புலன்ஸிலேயே செத்தார்கள்? மாதா மாதம், ஆஸ்பத்திரி வாரியாக வெளியிடுங்கள். டாஸ்மாக் வருமானத்தைச் சட்டமன்றத்தில் கோடி கோடியாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, பிணங்களை எண்ணத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டோம்.