கையெழுத்துக்கு அவசரம் ஏன்?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாக நிரந்தர மெஷின் ஆபரேட்டர். ஓவர்டைம் நின்றுவிட்டது. கம்பெனி பஸ் குறைந்துவிட்டது. "நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், பூலாம்பாடி

பதில்: கூடவே கூடாது, தம்பி! மேகம் கறுத்ததுமே காயும் மக்காச்சோளத்துக்குத் தார்ப்பாய் தேடுகிற ஊர் உங்களுடையது. அறிகுறிகளைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலைக்கும் இப்படித்தான் இருட்டியது. வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. அடுத்து விருப்ப ஓய்வுத் திட்டம். நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஆட்குறைப்பு என்று அவர்கள் நீக்கினால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். வருஷத்துக்கு 15 நாள் வீதம் 90 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947 சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நீங்களே ராஜினாமா எழுதினால் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. அவர்களுடைய அவசரம் இப்போது புரிகிறதா? ஐந்து வருஷம் தாண்டியதால் கிராஜுவிட்டி மட்டும் எப்படியும் உங்களுக்கு உண்டு.

நியமன ஆணை, சம்பள ரசீது, வருகைப் பதிவு எல்லாவற்றையும் இன்றே நகலெடுத்து வீட்டில் வையுங்கள். மிரட்டினால் தொழிற்சங்கத்தோடு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.